அச்சில் வரக்கூடாத லேயர்

திங்கள்

மூன்று மாதப் பயிற்சிக்காலம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அன்று மாலை மிஸ்டர் லியோனல் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, தொடர்ந்து வேலைக்கு வரலாமா வேண்டாமா என்று சொல்வார். எனக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று வேறு காரணங்கள் சொன்னார்கள். மூன்றும் எனக்கும் பொருந்துகின்றன.

எங்கள் அலுவலகம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. கட்டடங்களுக்குள் தண்ணீர், மின்சாரம், காற்று எல்லாம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது எங்கள் வேலை. மிஸ்டர் லியோனல் முதலாளி, பொறியாளரும் அவர்தான். மெய் லிங்கும் நானும் வரைகிறோம். வாரத்தில் மூன்று மாலை, இதே தெருவின் மறுகோடியில் நடக்கும் ஆட்டோகேட் வகுப்புக்கும் போகிறேன். பகலில் எதைச் செய்து சம்பளம் வாங்குகிறேனோ அதையே மாலையில் காசு கட்டிப் படிக்கிறேன் என்பதை அலுவலகத்தில் சொல்லவில்லை.

வகுப்பு எடுக்கும் மிஸ் சீதாலெட்சுமி முதல் நாளே சொன்னார்: "அன்னன்னைக்குச் செஞ்ச தப்ப அன்னன்னைக்கே எழுதி வைங்க. அடுத்த தடவை புதுசா ஒரு தப்பாவது செய்யலாம்." மற்றவர்கள் சிரித்தார்கள். நான் கீழே இறங்கிப் போய் நோட்டு வாங்கினேன். அது இந்த நோட்டு.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரே நாளில் பதினொரு கேள்வி கேட்டேன். பதினோராவது கேள்விக்கு மிஸ்டர் லியோனல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ஏமி, ஒரு நாளைக்கு மூணு கேள்வி போதும் லா. நானும் கொஞ்சம் வேலை பாக்கணும்" என்றார். மறுநாளிலிருந்து மூன்றுதான் கேட்கிறேன். காலையில் எல்லாவற்றையும் எழுதி, எது முக்கியம் என்று வரிசைப்படுத்தி, முதல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

ஆனால் சந்தேகம் மூன்றோடு நிற்பதில்லை. மீதியை வரைபடத்திலேயே எழுதி வைக்கிறேன். கணினியில் ஒரு வரைபடம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி. ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். சுவர் ஒன்றில், குழாய் ஒன்றில், மின்கம்பி ஒன்றில். ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் குட்டியாக ஒரு பிரிண்டர் படம் இருக்கும். அதைக் கிளிக் செய்து அணைத்துவிட்டால் அந்த லேயர் திரையில் தெரியும், தாளில் விழாது. நான் எனக்கென்று அப்படி ஒரு லேயர் வைத்திருக்கிறேன். அதற்கு 'மீதி' என்று பெயர். எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, சிறிய எழுத்தில், தமிழில் எழுதுகிறேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் பந்திங்கில் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். மெய் லிங்குக்குத் தமிழ் தெரியாது. மிஸ்டர் லியோனல் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார், ஆனால் கிறிஸ்துவப் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவர். தமிழில் தம் பெயரைக்கூட வாசிக்க மாட்டார். ஆகவே அலுவலகத்தில் யாருடைய கண்ணுக்கு முன்னாலும் நான் தைரியமாகச் சந்தேகப்படலாம்.

இப்போது கையில் இருப்பது கிள்ளானில் கட்டிக்கொண்டிருக்கும் தோசைமாவுத் தொழிற்சாலை. பன்னிரண்டு ஷீட். 'மீதி' லேயரில் இன்றுவரை பதினேழு கேள்விகள்.

புதன், மாலை ஆறு மணி

இன்று கிள்ளானுக்குப் பன்னிரண்டு ஷீட்டையும் அனுப்பினேன். நானே தனியாக அனுப்பியது இதுதான் முதல் தடவை.

கிள்ளான் சைட்டில் போன மாதம் ஒரு பிளாட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். பெரிய தாளில் வரைபடம் அச்சிடும் இயந்திரம். ஒரு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான அகலம். முன்பெல்லாம் இங்கே அச்சிட்டு, சுருட்டி, மோட்டார் சைக்கிளில் கொடுத்தனுப்புவார்களாம். இப்போது இங்கே பட்டனை அழுத்தினால் அங்கே தாள் வருகிறது. அச்சிடும் மெனுவில் இரண்டு பெயர்கள்: பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான். சரியானதைத் தேர்ந்தெடுத்தேனா என்று நான்கு முறை பார்த்தேன்.

போன வாரம் மெய் லிங் அனுப்பிய ஷீட்டில் வடிகால் மொத்தமும் காணாமல் போயிருந்தது. அந்த லேயரின் பிரிண்டர் படம் அணைந்திருந்திருக்கிறது. சைட்டைப் பார்த்துக்கொள்ளும் முகமது யூசுப் என்பவர் போனில், "பாஸ், தண்ணி உள்ள வருது, வெளிய போக வழியே காணோம்" என்றாராம். மெய் லிங் ஆங்கிலத்தில் சொன்னது இது. மிஸ்டர் லியோனலின் முகம் அன்று முழுவதும் கடுகடுவென்று இருந்தது. அதனால் நான் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டேன். பதினான்கு வரிகள். தாளின் அளவு, ஸ்கேல், கோட்டின் தடிமன், தேதி இப்படி. ஒன்பதாவது வரி: எந்த லேயரும் அணைந்திருக்கக் கூடாது. எல்லா லேயரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, பிரிண்டர் படத்தை எரிய வைத்தேன். முன்பார்வையில் பன்னிரண்டு ஷீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் எப்போதும் திரையில் தெரிவது போலவே இருந்தது.

ஐந்து முப்பத்தெட்டுக்குத் திரையில் செய்தி வந்தது. பன்னிரண்டும் அச்சாகிவிட்டன.

நாளை காலை ஒன்பது மணிக்கு அங்கே கூட்டம். மிஸ்டர் லியோனலும் தொழிற்சாலைக்காரர் கண்ணம்மா அம்மையாரும் இந்த ஷீட்டுகளை வைத்துக்கொண்டுதான் பேசப் போகிறார்கள். இன்று தவறு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. அப்படி எழுதுவதற்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

புதன், வகுப்புக்குப் பிறகு

மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

வகுப்பில் இன்று அச்சிடுவது பற்றிய பாடம். மிஸ் சீதாலெட்சுமி கேட்டார்: "சில லேயர அச்சிடாம வைப்போம். எதுக்கு? யாராவது சொல்லுங்க." எனக்குப் பதில் தெரிந்திருந்தது. நான் கை தூக்குவதே அபூர்வம். எழுந்து நின்று, "மிஸ், நமக்கு மட்டும் ஏதாவது குறிப்பு எழுதி வச்சிருந்தா, அது வெளிய போகக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்து, அங்கேயே நிறுத்திவிட்டேன்.

"சரியாத்தானே சொல்றே, ஏன் நிறுத்திட்டே?" என்றார் மிஸ்.

"போயிருச்சு மிஸ்."

"எது?"

"எல்லாம்."

என் பட்டியலில் இருந்த பதினான்கு வரிகளும் எதுவும் விடுபட்டுப் போகக் கூடாது என்பதற்கானவை. கூடுதலாக எதுவும் போய்விடக் கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. முன்பார்வையில் என் கேள்விகள் அத்தனையும் கண்ணுக்கு முன்னால் இருந்திருக்கின்றன. தினமும் அங்கேயே பார்த்துப் பழகியதால் அவை இருப்பது எனக்கு உறைக்கவில்லை.

யூசுப் என்பவருக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பலாம் என்று, 'டிராயிங்கில் தமிழில் இருப்பதைப் படிக்க வேண்டாம்' என்று எழுதினேன். அதைப் படிக்கிறவர் முதலில் எதைச் செய்வார் என்று யோசித்து அழித்துவிட்டேன். அவர் பெயர் தமிழ் முஸ்லிம் பெயரா, மலாய்க்காரர் பெயரா என்றும் தெரியவில்லை. மூன்று மாதமாக நாங்கள் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் மட்டுமே எழுதிக்கொள்கிறோம். மலாய்க்காரராக இருந்தால் தப்பித்தேன்.

பதினேழில் பதினாறு கட்டடத்தைப் பற்றியவை. அவற்றையாவது விளக்கிவிடலாம். பதினேழாவது கடைசி ஷீட்டின் மூலையில், 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் பார்க்கக் கூடாது. யாராவது வாசித்துக் காட்டி மிஸ்டர் லியோனல் கேட்கவே கூடாது.

திட்டம்: காலை ஆறு மணி ரயில். ஏழேகாலுக்குக் கிள்ளான். ஏழரைக்கு சைட். ஒரு ஷீட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் பன்னிரண்டுக்கு இருபத்து நான்கு நிமிடம். சரிசெய்த கோப்பு பென்டிரைவில் இருக்கிறது. ரயில் தாமதமானாலும் எட்டேகாலுக்குள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டிவிடலாம்.

வியாழன்

ரயில் பதினைந்து நிமிடம் தாமதம். அதையும் திட்டத்தில் சேர்த்திருந்தேன். ஏழு நாற்பதுக்கு சைட் வாசலில் கிராப் கார் என்னை இறக்கிவிட்டது. அலுவலகமாக வைத்திருந்த காபின் திறந்திருந்தது. உள்ளே சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. அதில் என் பன்னிரண்டு ஷீட்டும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. யாரும் இல்லை. நேரே கடைசி ஷீட்டிடம் போய் ஒட்டுநாடாவை நகத்தால் கிள்ள ஆரம்பித்தேன்.

"ஹலோ, யாரும்மா அது? டிராயிங்ல கை வைக்காதீங்க."

வாசலில் மஞ்சள் தொப்பியோடு ஒருவர் நின்றிருந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஒரு கையில் தே தாரேக் கட்டிய பை.

"நான் ஏமி. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்."

அவர் பையை மேசையில் வைத்தார். "ஏமின்னா நீங்கதானா? நான் சீனப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன். மூணு மாசமா உங்களுக்கு இங்கிலீஷ்ல மெயில் எழுதி எழுதி எனக்கு ஜுரமே வந்துருச்சு."

"நீங்க யூசுப் அண்ணனா?"

"ஆமா. அறந்தாங்கி."

கடைசி நம்பிக்கையும் போனது.

"நேத்து நான் மூணு தடவை போன் பண்ணேன் அண்ணே."

"அது நீங்களா? தெரியாத நம்பர், அதுவும் விடாம மூணு தடவை. ஸ்கேமர்னு நெனச்சு பிளாக் பண்ணிட்டேன்." பையிலிருந்த தேநீரை ஒரு குவளையில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். "அஞ்சேகாலுக்கு மெஷின் ஓட ஆரம்பிச்சுது. எட்டிப் பாத்தா தமிழ் வருது. ஊர்லேந்து லெட்டர்தான் இப்படி வர ஆரம்பிச்சுருச்சோன்னு நெனச்சேன்."

"அது தப்பா வந்துருச்சு அண்ணே. அதை யாரும் படிக்கக் கூடாது."

"படிச்சாச்சே. பதிலும் எழுதியாச்சு."

அப்போதுதான் ஷீட்டுகளைச் சரியாகப் பார்த்தேன். என் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் எண், கீழே சிவப்புப் பேனாவில் அழகான கையெழுத்து.

"டிராயிங்ல கேள்வி இருந்தா சைட் இருபத்து நாலு மணி நேரத்துல பதில் எழுதணும். அதான் முறை" என்றார் யூசுப். "நேத்து டேப்ப எடுத்துக்கிட்டு இருட்டறதுக்குள்ள எல்லாத்தையும் அளந்துட்டேன்."

இரண்டாவது ஷீட்டில் நான் எழுதியிருந்தது: 'இந்தப் பெரிய கிரைண்டர் இந்தக் கதவு வழியாக நுழையுமா?' சிவப்பில்: 'திங்கட்கிழமையே நுழைந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருக்கிறது.'

நான்காவதில்: 'கழிவறைக் கதவு வெளியே திறந்தால் நடைவழியில் போகிறவரை இடிக்காதா?' சிவப்பில்: 'இடிக்கும். என்னை இடித்தது. உள்ளே திறக்கும்படி மாற்றவும்.'

ஐந்தாவதில்: 'இது 2310 ஆ, 2130 ஆ? நான் எண்களை மாற்றிப் போடுகிறவள்.' சிவப்பில்: '2310. இரண்டு முறை அளந்தேன். நானும் அப்படித்தான்.'

ஆறாவதில்: 'இந்தக் குழாய் ஏன் இங்கே வளைந்து போகிறது? மிஸ்டர் லியோனல் கவனிக்காமல் போட்டுவிட்டாரா?' சிவப்பில்: 'இங்கே தூண் இருக்கிறது. அவர் கவனித்துத்தான் போட்டிருக்கிறார்.'

என் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தேன். "அண்ணே, நான் புது செட் கொண்டுவந்திருக்கேன். பென்டிரைவ்ல இருக்கு. அச்சடிச்சு மாத்திருவோம். இருபத்து நாலு நிமிஷம் போதும்."

"பேப்பர் இல்லையே."

"பிளாட்டர்லயா?"

"ரோல் தீந்து போச்சு. நேத்து சாயந்திரம் கண்ணம்மா அக்கா வந்தாங்க. பாத்தாங்க. எனக்கும் ஒரு செட் வேணும்னாங்க. மெஷின் மெமரில இருந்துச்சு, ரீப்ரின்ட் கொடுத்தேன். பன்னிரண்டாவது ஷீட் வர்றதுக்கும் ரோல் தீர்றதுக்கும் சரியா இருந்துச்சு. புது ரோல் பத்து மணிக்குத்தான் லோரில வருது."

என் திட்டத்தில் பேப்பருக்கு என்று ஒரு வரி இல்லை.

"அப்ப இந்த மூலையை மட்டும் வெட்டிக்கிறேன் அண்ணே. சின்ன துண்டு."

"டிராயிங்க வெட்டவே கூடாதும்மா. ரெக்கார்டு" என்றார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தக் கேள்விக்கும் பதில் எழுதியிருக்கேன், பாருங்க" என்றார்.

பன்னிரண்டாவது ஷீட்டின் மூலையில் நான் எழுதியிருந்தது: 'நான் இந்த வேலைக்குச் சரியான ஆள்தானா?' அதைச் சுற்றி வட்டம். எண் பதினேழு. கீழே சிவப்பில்: 'இதை சைட்டில் அளக்க முடியவில்லை. அலுவலகம் பதில் தரவும்.'

எட்டரைக்கே கண்ணம்மா அம்மையார் வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கையில் மூன்றடுக்குத் தூக்கு. கிள்ளானிலிருந்து ஸ்ரீ கெம்பாங்கான் வரை முந்நூறு கடைகளுக்கு மாவு போடுகிறவர். தூக்கைத் திறந்து தோசையையும் சட்டினியையும் மேசையில் பரப்பிவிட்டு, "யாரு இந்தப் பொண்ணு?" என்றார்.

"இவங்கதான் அக்கா, எழுதுனது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? முதல்ல சாப்பிடு. அப்புறம் பேசலாம்."

சாப்பிட முடியவில்லை. பலகையிடம் போய், பன்னிரண்டாவது ஷீட்டின் மூலையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். என் உயரத்துக்கு அது சரியாக இருந்தது.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மிஸ்டர் லியோனல் வந்தார். என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏமி? நீ ஏன் இங்க?"

"டிராயிங்ல ஒரு தப்பு பாஸ்."

"என்ன தப்பு?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே பலகையைப் பார்த்துவிட்டார். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, முதல் ஷீட்டிலிருந்து மெதுவாக நடந்தார். "இது என்ன, கோயில் நோட்டீஸா? யார் இதுல தமிழ் போட்டது?"

"நான்தான் பாஸ். அச்சில் வரக் கூடாத லேயர். வந்துருச்சு."

"எல்லா ஷீட்லயுமா?"

"முதல் ஷீட்ல இல்ல. அதுல வெறும் பெயர்தான்."

அவர் என் பக்கம் திரும்பினார். வடிகால் காணாமல் போன அன்று இருந்த அதே முகம். நாளை வெள்ளிக்கிழமை என்பதை நான் நினைத்துக்கொண்டேன்.

"லியோனல் சார்," என்றார் கண்ணம்மா அம்மையார். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? இந்த பில்டிங்குக்கு இதுவரைக்கும் நாலு தடவை டிராயிங் கொண்டாந்து காட்டினீங்க. நாலு தடவையும் கையெழுத்துப் போட்டேன். ஒரு கோடுகூட எனக்குப் புரியல. கேட்டா எல்லாரும் சிரிப்பீங்கன்னு கேக்கல. நேத்து ராத்திரி இந்த செட்ட வீட்டுத் தரையில விரிச்சு வச்சு, முதல் ஷீட்லேந்து கடைசி ஷீட் வரைக்கும் படிச்சேன். கதவு எங்க, தண்ணி எங்க, கிரைண்டர் எங்க, எல்லாம் இந்தப் பொண்ணு கேட்ட கேள்விய வச்சே புரிஞ்சு போச்சு."

"என்ன கேள்வி?" என்றார் மிஸ்டர் லியோனல்.

கண்ணம்மா அம்மையார் ஒன்பதாவது ஷீட்டுக்கு முன்னால் போய் நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிப்பது போல உரக்க வாசித்தார். அது மாவைப் பாக்கெட் போடும் அறை. "'மாவுத் தொழிற்சாலையில் சாமி மேடை இல்லாமல் இருக்குமா? இருந்தால் எங்கே வைப்பார்கள்? கிழக்கு மூலை என்றால், அதற்கு நேர் மேலே புகை உணர்கருவி இருக்கிறது. சாம்பிராணி போட்டால் அலாரம் அடிக்காதா? எங்கள் வீட்டில் சாமி மேடை கிடையாது. அதனால் சரியாகத் தெரியவில்லை.' கீழ இவர் எழுதியிருக்காரு: 'எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலும் கிடையாது. கண்ணம்மா அக்காவிடம் கேட்கவும்.'"



"எங்க வைக்கப் போறீங்க?" என்று மிஸ்டர் லியோனல் கேட்டார்.

"கிழக்கு மூலையிலதான். வேற எங்க? தினம் காலையில ஆறு மணிக்கு சாம்பிராணி. வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு கை அள்ளிப் போடுவேன்."

"ஏன் இத என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே. சாமி மேடைய யாராவது தனியா சொல்லுவாங்களா? வீடுன்னா கதவு இருக்கும்னு சொல்ற மாதிரி."

மிஸ்டர் லியோனல் ஒன்பதாவது ஷீட்டுக்குப் பக்கத்தில் போய், கிழக்கு மூலையில் விரலை வைத்தார். "எங்க வீட்டுல மாதா படத்துக்கு முன்னாடி மெழுகுவர்த்திதான். அதுக்கு எந்த அலாரமும் அடிக்காது." பிறகு என்னையும் யூசுப்பையும் பார்த்துவிட்டு, தமக்குள் சொல்வது போல, "ஒரு மெத்தடிஸ்ட், ஒரு முஸ்லிம், ஒரு கத்தோலிக். மூணு பேரும் சேந்து தோசைமாவு ஃபாக்டரி கட்டறோம்" என்றார்.

முதலில் சிரித்தது யூசுப்தான். அப்புறம் கண்ணம்மா அம்மையார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திறப்பு விழா அன்னைக்கு அலாரம் அடிச்சு, தீயணைக்கிற போம்பா லோரி வாசல்ல வந்து நின்னு, என் தலையில தண்ணி அடிச்சிருந்தா, பக்கத்துக் கடைக்காரனுக்கெல்லாம் தீபாவளிதான்."

"சீலிங் மூடியாச்சா?" என்று மிஸ்டர் லியோனல் யூசுப்பிடம் கேட்டார்.

"திங்கக்கிழமை மூடறாங்க பாஸ்."

"அப்ப டைம் இருக்கு. அந்த இடத்துக்குப் புகைய விட்டுட்டு சூட்ட மட்டும் உணர்ற கருவி போடலாம். நான் கணக்குப் பாத்துச் சொல்றேன். அடுத்தது என்ன? மொத்தம் எத்தனை?"

"பதினேழு" என்றார் யூசுப்.

"எல்லாத்தையும் வாசிங்க."

கண்ணம்மா அம்மையார் வாசித்தார். கிரைண்டர் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள். கழிவறைக் கதவு கேள்விக்கு யூசுப் தம் முழங்கையைக் காட்டினார். மிஸ்டர் லியோனல் அதைக் குறித்துக்கொண்டார். ஆறாவது ஷீட்டில், தூணைக் கவனிக்காமல் போட்டுவிட்டாரா என்ற இடம் வந்தபோது நான் தரையைப் பார்த்தேன். "பரவால்ல," என்றார் மிஸ்டர் லியோனல். "யூசுப் என் மானத்தக் காப்பாத்திட்டாரு." ஏழு, எட்டு, பத்து, பதினொன்று. ஒவ்வொரு ஷீட்டாகக் கூட்டம் என்னை நோக்கி நகர்ந்து வந்தது.

"நகரும்மா" என்றார் கண்ணம்மா அம்மையார்.

"இங்க ஒண்ணும் இல்ல அக்கா."

"நேத்தே படிச்சிட்டேன்" என்று என் காதோடு சொல்லி, என் தோளைப் பிடித்து மெல்ல நகர்த்தினார். பதினேழாவது வட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வாசிக்காமல் திரும்பினார். "இது உங்களுக்கு வந்த கேள்வி, லியோனல் சார். நான் வாசிக்கறது சரியில்ல."

"எனக்கா? எனக்கு வாசிக்கத் தெரியாதே. ஏமி, நீ வாசி."

வேறு வழியில்லை. வாசித்தேன். சிவப்பில் இருந்த யூசுப்பின் பதிலையும் சேர்த்து வாசித்தேன்.

மிஸ்டர் லியோனல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை கேள்வியும் ஏன் என்கிட்ட நேரா கேக்கல?"

"ஒரு நாளைக்கு மூணுன்னு நீங்க சொன்னீங்க பாஸ்."

"நானா? எப்ப?"

"சேந்த முதல் வாரம். வியாழக்கிழமை. சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சும்மா ஜோக்குக்குச் சொன்னேன் லா. அன்னையிலேந்து எண்ணிக்கிட்டா கேக்கறே? உனக்கு முன்னாடி இருந்த ஆள் மூணு மாசத்துல ஒரு கேள்வி கேட்டதில்ல. எல்லாம் தெரியும்னாரு. அவர் போட்ட படிக்கட்டு ஒண்ணு சுவத்துல போய் முட்டி நிக்குது, பங்சார்ல. போய்ப் பாரு."

நான்காவது காரணம். இது எனக்குப் பொருந்தவில்லை.

"சரி, அலுவலகம் பதில் தரணும், அவ்வளவுதானே" என்றார். "யூசுப், அந்தச் சிவப்புப் பேனா." வாங்கிக்கொண்டு ஷீட்டுக்கு முன்னால் நின்றார். "கேள்வி தமிழ்ல இருந்தா பதிலும் தமிழ்ல இருக்கணும். ஏமி, நீ ஒரு பேப்பர்ல எழுதிக் கொடு. நான் பாத்து வரைஞ்சுடறேன்."

என்ன எழுதுவது என்று யோசித்தேன். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. நானாக ஒன்றை எழுதிக் கொடுத்தால் அது என் பதிலாகிவிடும். ஆகவே ஒரு தாளில் 'ஆம்' என்று எழுதி, கொஞ்சம் இடம் விட்டு, 'இல்லை' என்றும் எழுதி, இரண்டையும் கொடுத்தேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு இருக்கு?"

"எது வேணுமோ அதை எடுத்துக்கலாம் பாஸ்."

யூசுப் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கண்ணம்மா அம்மையார், "இந்தப் பொண்ண என் மாவுக் கடைக்குக் குடுத்துடுங்க, லியோனல் சார்" என்றார்.

"கெடைக்காது" என்றார் மிஸ்டர் லியோனல். "எது யெஸ்?"

நான் விரலால் காட்டினேன்.

அவர் முதலில் பென்சிலால், ஐந்து மில்லிமீட்டர் இடைவெளியில், ஸ்கேல் வைத்து இரண்டு மெல்லிய கோடுகள் போட்டார். கையால் வரைந்த காலத்தில் எழுத்துகளுக்கு அப்படித்தான் கோடு போடுவார்கள் என்று மிஸ் சீதாலெட்சுமி சொல்லியிருக்கிறார். பிறகு என் தாளைப் பலகையில் குத்தி வைத்துக்கொண்டு, சுழி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்த இரண்டு கோடுகளுக்குள் 'ஆம்' என்று வரைந்தார். ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆயிற்று. கீழே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பேனாவை யூசுப்பிடம் திருப்பிக் கொடுத்தார்.

"லெட்டர் நாளைக்குத் தரேன். இப்ப தோசை ஆறிப் போகுது."

நான் நான்கு தோசை சாப்பிட்டேன். மூன்றோடு நிறுத்த நினைத்தேன். கண்ணம்மா அம்மையார் விடவில்லை.

வியாழன், மாலை

பிற்பகலில் அலுவலகத்துக்குத் திரும்பினேன். புது ரோல் வந்துவிட்டதாக யூசுப் அண்ணன் செய்தி அனுப்பியிருந்தார், தமிழில். என் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டாராம். மாற்றங்களைப் போட்டுப் பன்னிரண்டு ஷீட்டையும் மறுபடி அனுப்பச் சொன்னார். 'மீதி' லேயரையும் சேர்த்தே அனுப்ப வேண்டுமாம். கண்ணம்மா அக்கா கேட்கிறாராம்.

பட்டியலில் இரண்டு வரிகள் சேர்த்தேன். பதினைந்து: கூடுதலாக எதுவும் போகிறதா? பதினாறு: அங்கே பேப்பர் இருக்கிறதா?

பிறகு 'மீதி' லேயரைத் திறந்து, ஒவ்வொரு கேள்வியாகப் பார்த்துப் பதினேழையும் அழித்தேன். பதில் வந்துவிட்ட கேள்வியை டிராயிங்கில் வைத்திருக்கக் கூடாது என்பது முறை. கடைசிக் கேள்வியை அழிப்பதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன்.

லேயர் காலியாக இருந்தது. ஒன்பதாவது ஷீட்டுக்குப் போய், கிழக்கு மூலையைப் பெரிதாக்கிப் பார்த்து, புதிதாக ஒன்று எழுதினேன்: 'சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு ஸ்விட்ச் வேண்டாமா?' 'மீதி' லேயரின் பிரிண்டர் படம் எரிகிறதா என்று நான்கு முறை பார்த்துவிட்டு, கிள்ளான் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தேன்.